6. காலை நேரச் சண்டையின் காகிதங்கள்: மலேசியாவில் குத்துச்சண்டைப் பழம்பொருள் சேகரிப்பது எப்படி

மலேசியாவில் குத்துச்சண்டைப் பழம்பொருள் சேர்க்க நினைப்பவர் முதலில் ஒரு தேதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1975 ஜூலை 1, செவ்வாய்க்கிழமை காலை. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக 15 சுற்றுகள் மோதிய நாள் அது. பக்னர் ஹங்கேரியில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு அகதியாக இங்கிலாந்துக்குப் போனவர். 1973இல் லாஸ் வேகாஸில் அலியிடம் புள்ளிக் கணக்கில் தோற்றிருந்தார். இங்கேயும் அதே கதைதான். யாரும் மயங்கி விழவில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு பக்னர் தாக்குப்பிடித்தார், மூன்று நடுவர்களும் அலிக்கே புள்ளி போட்டார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 1ஆம் தேதி, அலி மணிலாவில் ஜோ ஃப்ரேஸியரோடு மோதினார். உலகம் மணிலாவை நினைவில் வைத்துக்கொண்டது, கோலாலம்பூரை மறந்துவிட்டது.

சேகரிப்பவருக்கு அந்த மறதி நல்லது. மணிலாச் சண்டையின் எந்தத் துண்டுக் காகிதத்துக்கும் அமெரிக்காவில் ஆள் காத்திருக்கிறார்கள். கோலாலம்பூர்ச் சண்டையின் நுழைவுச்சீட்டோ நிகழ்ச்சி மலரோ இன்னும் கிள்ளானிலும் செந்தூலிலும் ஏதோ ஒரு வீட்டுப் பரணில், பழைய பிஸ்கட் தகர டின்னில், பிறப்புப் பத்திரத்துக்கும் பழைய சம்பளச் சீட்டுக்கும் நடுவே கிடக்க வாய்ப்பு உண்டு.

எதைத் தேட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்

பெரிய பொருள்களின் பக்கம் போகாதீர்கள். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தி அலி மீட்ட பட்டத்தின் இடைவார் 2022இல் அமெரிக்க ஏலத்தில் 61 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போனது. வாங்கியவர் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியின் முதலாளி. 1964இல் சோனி லிஸ்டனை வென்றபோது அலி அணிந்த கையுறைகள் 2014இல் எட்டு லட்சம் டாலரைத் தாண்டின. இந்த விலைகளைப் பத்திரிகையில் படித்துவிட்டுத் தன் வீட்டுப் பழைய கையுறைக்கும் கனவு விலை சொல்பவர்களை நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரருக்குக் கட்டுப்படியாவதும், நம் ஊர்க்காரரால் மட்டுமே சரியாக எடைபோட முடிவதும் உள்ளூர்க் காகிதம்தான். நுழைவுச்சீட்டின் பாதி, நிகழ்ச்சி மலர், சுவரொட்டி, பத்திரிகையாளர் அட்டை, நாளிதழ், யாரோ சொந்தக் கேமராவில் எடுத்த படம். அலி சண்டையோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டியதில்லை. 1930களிலிருந்து 1972 வரை கோலாலம்பூரின் கேளிக்கைக் கூடாரமாக இருந்தது புக்கிட் பிந்தாங் பார்க். பழைய தலைமுறைக்கு அது ‘பிபி பார்க்’. இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கும் அதே இடம். நடன மேடை, நாடகக் கொட்டகை, மல்யுத்தம், குத்துச்சண்டை எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. கிங்காங், தாராசிங் காலத்து மல்யுத்த நோட்டீசைத் தேடிப் போகிறவருக்கு அதே கட்டில் குத்துச்சண்டை நோட்டீசும் அகப்படலாம், கட்டைப் பிரிக்காமல் வாங்குங்கள். பிரிட்டிஷ் படைகள் இங்கே இருந்த காலத்தில் ராணுவக் குத்துச்சண்டை உண்டு. ரெஜிமெண்டுகளின் விளையாட்டு மலர்களை இங்கே யாரும் சீண்டுவதில்லை, அதனாலேயே அவை மலிவு.

பிற்காலத்துப் பொருளையும் அலட்சியப்படுத்த வேண்டாம். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் சரவாக்கைச் சேர்ந்த சாபோக் பிக்கி லைட் ஃப்ளைவெயிட் பிரிவில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியின் குத்துச்சண்டைச் சீட்டுகளும் அடையாள அட்டைகளும் இன்னும் பழம்பொருள் என்ற பெயரே பெறவில்லை. 2018 ஜூலை 15 அன்று புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரினாவில் மேனி பாக்கியோ, அர்ஜென்டினாவின் லூக்காஸ் மத்தீசேயை ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். அன்றைய பிரதமர் மகாதீரும் அன்றைய பிலிப்பைன்ஸ் அதிபர் டுட்டர்டேயும் நேரில் வந்திருந்த சண்டை. அன்று அரங்குக்குப் போன உறவினர் யாராவது இருந்தால் சீட்டு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். கைப்பேசித் திரையில் காட்டி உள்ளே நுழைந்தவர் பலர் என்பதால் காகிதச் சீட்டுக்கு வருங்காலத்தில் மதிப்புக் கூடும் என்பது என் கணிப்பு.

எங்கே தேடுவது

பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலில் வார இறுதியில் பழம்பொருள் சந்தை கூடும். பெட்டாலிங் ஸ்திரீட் பக்கத்தில் விடியற்காலையில் ‘பசார் காராட்’ எனும் பழைய சாமான் சந்தை உண்டு. ஈப்போவுக்குப் போகிறவர்கள் ஞாயிறு காலைச் சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றலாம். சந்தையில் குத்துச்சண்டை என்று தனியாக எதுவும் இருக்காது. நாணயம், தபால்தலை, சினிமாப் பாட்டுப்புத்தகம், பழைய பள்ளி ஆண்டு மலர் வைத்திருப்பவரிடம்தான் இதுவும் வரும். “அலி சாமான் இருக்கா?” என்று கேட்டால் விலை மூன்று மடங்காகும். “1975 பேப்பர், மேகசின் ஏதும் இருக்கா?” என்று கேளுங்கள்.

சந்தையைவிட நல்ல இடம் பழைய பேப்பர் லோரி. வீடு வீடாகப் பழைய நாளிதழ் எடுக்க வரும் லோரிக்காரரோடும், மறுசுழற்சிக் கடை வைத்திருக்கும் தவுக்கேயோடும் பழகி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவர் காலமானதும் அவர் அறையைக் காலி செய்யும் பிள்ளைகள் முதலில் கூப்பிடுவது இவர்களைத்தான். கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கியதை இரட்டிப்பு விலை கொடுத்து எடுத்துக்கொண்டாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

கதையை எப்படி வாங்குவது

இந்த நூலின் மற்ற அத்தியாயங்களில் பொருள் முதலில், கதை பிறகு என்று எழுதியிருந்தேன். குத்துச்சண்டையில் அது தலைகீழ். பாதியாகக் கிழிந்த ஒரு நுழைவுச்சீட்டு வெறும் அட்டைத் துண்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த வாசலில் நுழைந்தார், எங்கே உட்கார்ந்தார், யாரோடு போனார் என்று தெரியும்போதுதான் அது சேகரிப்பு ஆகிறது. அதே சமயம் கதை சொல்வதில் நம் ஆட்கள் கைதேர்ந்தவர்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“ஐயா, அலி சண்டைய நீங்க நேருலயே பாத்தீங்களா?”

“பின்ன? முன் வரிசைல உக்காந்து பாத்தேன் தம்பி. ராத்திரி. லைட்டெல்லாம் போட்டு ஒரே வெளிச்சம். நாலாவது ரவுண்டுலயே அந்த வெள்ளக்காரன் விழுந்துட்டான்.”

இதில் மூன்று இடம் இடிக்கிறது. சண்டை நடந்தது காலையில், ஏனென்றால் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அது திங்கட்கிழமை இரவாக வேண்டியிருந்தது. 15 சுற்றும் முடிந்துதான் தீர்ப்பு வந்தது. முன் வரிசையில் சாதாரணத் தொழிலாளி உட்காருவது நடக்காத காரியம். பெரியவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஐம்பது ஆண்டில் வேறு சண்டை, சினிமா, அண்ணன் சொன்ன கதை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். மறுத்துப் பேசினால் கதவு மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் ஒரு கேள்வி போடுங்கள்:

“செவ்வாய்க்கிழம ஆச்சே ஐயா, வேலைக்கு என்ன சொல்லிட்டுப் போனீங்க?”

நேரில் பார்த்தவரின் முகம் இந்தக் கேள்விக்கு மாறும். வார நாள், காலை நேரம். தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவராக இருந்தால் பெரட்டில் நின்று பெயர் கொடுத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் இருந்தால் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பள்ளி மாணவன் என்றால் வகுப்பைத் தவறவிட்டிருக்க வேண்டும். போய்ப் பார்த்தவருக்குச் சண்டையின் எட்டாவது சுற்று மறந்திருக்கும், ஆனால் கிராணியிடம் சொன்ன பொய் மறந்திருக்காது. அந்த வெயில், கிள்ளானிலிருந்து எந்த பஸ்ஸில் போனார், திரும்பும்போது எங்கே சாப்பிட்டார், இதெல்லாம் தானாக வரும். போகாதவர், “அட, அத எல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கா” என்பார். அப்போதும் கவலைப்பட வேண்டாம், “அப்ப டிவில பாத்தீங்களா?” என்று கேளுங்கள். தொலைக்காட்சியில் பார்த்த கதையும் வேண்டியதுதான். கம்பத்தில் ஒரே ஒரு வீட்டில் டிவி, வாசல் வரை கூட்டம் என்பது அந்தத் தலைமுறையின் உண்மையான அனுபவம். மலேசியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1978 கடைசியில்தான் வந்தது. ஆகவே டிவியில் அன்றே வண்ணத்தில் பார்த்ததாகச் சொல்பவர், பிற்காலத்தில் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேட்டதை அன்றே எழுதுங்கள். எழுதும் முறையில் ஒரு கண்டிப்பு வேண்டும். அவர் சொன்னது ஒரு பத்தி, நீங்கள் சரிபார்த்தது வேறு பத்தி. இரண்டையும் கலந்து அழகாக ஒரு கட்டுரை ஆக்கினால் நாளைக்கு எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. பொருளை யார் வாங்கினார், யாரிடமிருந்து யாருக்குப் போனது, உங்களுக்கு எந்த ஆண்டு வந்தது என்ற சங்கிலியைத் தனியாகக் குறியுங்கள். கொடுத்தவர் சம்மதித்தால் பொருளைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏல நிறுவனங்கள் கேட்கும் சான்றும் அதுதான், பேரப்பிள்ளைகள் கேட்கப்போகும் சான்றும் அதுதான்.

காகிதத்தைச் சோதிப்பது

உள்ளூர்க் காகிதத்தில் நமக்கு இருக்கும் பெரிய வசதி, நம் நாட்டின் பெயர்களும் எழுத்தும் பணமும் அடிக்கடி மாறியிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து போலி அச்சடிப்பவனுக்கு அந்த மாற்றங்கள் தெரியாது.

முதலில் தேதி. கோலாலம்பூரில் அச்சானதில் ஜூலை 1 என்று இருக்கும். அமெரிக்காவில் அச்சானதில் ஜூன் 30 என்று இருக்கும். இரண்டும் சரி, ஒரே சண்டைதான். தேதி மாறியிருக்கிறது என்று நல்ல பொருளைத் தள்ளிவிட்டவர்கள் இருக்கிறார்கள். நாளிதழ் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சண்டை செவ்வாய் காலை நடந்ததால் அன்றைய காலை நாளிதழில் முன்னோட்டம் மட்டும்தான் வந்திருக்கும், முடிவு ஜூலை 2 புதன்கிழமை இதழில் இருக்கும். ஜூலை 1 இதழைச் ‘சண்டை இதழ்’ என்று சொல்லி விற்பவரிடம் விலையைக் குறைக்கச் சொல்ல இது நல்ல காரணம். தமிழ் வாசகர் முதலில் தேட வேண்டியது 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் அந்த வாரத்து இதழ்களை. அலியைத் தமிழில் எப்படி எழுதினார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்து பணம். நுழைவுச்சீட்டில் விலை ‘ஆர்எம்’ என்று அச்சாகியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அந்தக் குறி 1993இல்தான் வந்தது. 1975இல் டாலர் குறியோ, அதற்கு முன் ஓர் எம் எழுத்தோ போடுவார்கள். தமிழ் நோட்டீசில் ‘வெள்ளி’ என்று இருந்தால் அதிலிருந்து காலம் தெரியாது, நாம் நேற்றும் வெள்ளி, இன்றும் வெள்ளி.

இடப்பெயர்கள். ‘விலாயா பெர்செக்குத்துவான்’ என்று 1960களின் நோட்டீசில் இருக்க முடியாது, கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனது 1974 பிப்ரவரியில். அதுவரை அது சிலாங்கூர். போர்ட் சுவெட்டன்ஹாம், போர்ட் கிள்ளான் ஆனது 1972இல். பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தின் முகவரி ‘ஜாலான் துன் சம்பந்தன்’ என்று போட்டிருந்தால் அது 1979இல் துன் சம்பந்தன் மறைந்ததற்குப் பிறகு அச்சானது. அதற்கு முன் அது பிரிக்பீல்ட்ஸ் சாலை. எட்டு இலக்கத் தொலைபேசி எண்ணைப் பார்த்ததுமே கடையைத் தாண்டிப் போய்விடலாம்.

மலாய் எழுத்துமுறை 1972 ஆகஸ்டில் மாறியது. ச ஒலிக்கு ‘சி’, ‘எச்’ என்று இரண்டு ரோமன் எழுத்து போட்ட வழக்கம் போய் ‘சி’ மட்டும் நின்றது. ‘எஸ்’, ‘எச்’ எழுதிய இடத்தில் ‘எஸ்’, ‘ஒய்’ வந்தது. பிபி பார்க் காலத்து மலாய் நோட்டீசில் புதிய எழுத்துமுறை இருந்தால் அது அந்தக் காலத்துப் பொருள் அல்ல.

தமிழ் எழுத்தும் இதே வேலையைச் செய்கிறது, இதை மட்டும் எந்த அமெரிக்க வல்லுநரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். லை, ளை, னை, ணை ஆகிய எழுத்துகள் பழைய அச்சில் துதிக்கை தூக்கிய வடிவில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக நிற்காமல் சுழித்து ஒட்டியிருக்கும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையானது 1978இல், இங்கே அதற்கும் பிறகுதான். எனவே 1975 என்று சொல்லும் தமிழ்ச் சுவரொட்டியில் ‘விலை’ என்ற சொல்லைத் தேடிப் பிடித்து உற்றுப் பாருங்கள். இன்றைய வடிவில் ‘லை’ இருந்தால் பெரும்பாலும் கணினியில் செய்த புதுச்சரக்கு. பெரியாரின் ‘குடி அரசு’ 1935லேயே புதிய வடிவத்துக்கு மாறியது, அந்த வழியில் போன அச்சகம் ஒன்றிரண்டு விதிவிலக்காக இருக்கலாம். விதிவிலக்கு என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

கருவி என்று பார்த்தால் இரண்டு போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. அதன் வழியே பார்த்தால் ஆஃப்செட்டில் அச்சான படம் ஒழுங்கான வரிசையில் புள்ளிகளாகத் தெரியும். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தது தாறுமாறாகத் தெளித்த பொடியாகத் தெரியும். ஈய எழுத்தில் அச்சடித்த பழைய நோட்டீசின் பின்பக்கத்தை விரலால் தடவினால் எழுத்து அழுந்திய மேடு தட்டுப்படும். இரண்டாவது, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச். 1950 வாக்கில் காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கத் தொடங்கிய ரசாயனம் அந்த ஒளியில் நீலவெள்ளையாகப் பளீரிடும். போருக்கு முந்தைய பிபி பார்க் நோட்டீஸ் என்று கொடுத்த தாள் இருட்டறையில் மின்னினால் பேச்சு முடிந்தது. 1975 பொருளுக்கு இந்தச் சோதனை எதையும் உறுதி செய்யாது, அந்தக் காலத்து நல்ல தாளும் மின்னலாம்.

நோட்டீசில் சொன்ன சண்டை உண்மையில் நடந்ததா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்க் காப்பகத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா ட்ரிபியூன் இதழ்களோடு தமிழ் முரசும் இருக்கிறது. நோட்டீசில் உள்ள வீரர் பெயரையும் தேதியையும் அங்கே தேடுங்கள். கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம் உண்டு, தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாரா வேறிடத்தில் உண்டு, ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

கையெழுத்தும் கையுறையும்

அலி கையெழுத்து என்று காட்டினால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவர் கையெழுத்துக் கேட்ட யாருக்கும் இல்லை என்று சொன்னவர் அல்ல, பிற்காலத்தில் இஸ்லாமியத் துண்டுப்பிரசுரங்களில் ஏராளமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதனால் உண்மையானவை நிறைய இருக்கின்றன, அதைவிடப் போலிகள் நிறைய. 1990களில் அமெரிக்காவின் எஃப்பிஐ ‘ஆப்பரேஷன் புல்பென்’ என்ற பெயரில் விளையாட்டு வீரர்களின் கள்ளக் கையெழுத்துத் தொழிற்சாலைகளையே பிடித்தது. போலியோடு சான்றிதழும் சேர்த்தே விற்றார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. அலி 1964க்கு முன் கேஷியஸ் கிளே என்று எழுதினார், பிறகு முகமது அலி என்று. 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்ட பிறகு எழுத்து சுருங்கி நடுங்கியது. 1975 தேதியிட்ட நிகழ்ச்சி மலரில் சுருங்கிய எழுத்து இருந்தால், ஒன்று போலி, இல்லாவிட்டால் பல ஆண்டு கழித்துப் போட்டது. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பிச் சான்று வாங்கலாம். போக வர ஆகும் செலவில் நல்ல நிகழ்ச்சி மலரே வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

கையுறையில் கட்டைவிரலைப் பாருங்கள். கட்டைவிரல் பகுதியை மற்ற விரல் பகுதியோடு ஒரு பட்டையால் தைத்துக் கட்டும் வழக்கம் 1980களில்தான் வந்தது. அப்படித் தைத்த கையுறையை ‘1975’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். மணிக்கட்டில் ஒட்டும் பட்டை வைத்தது பயிற்சிக்கானது, அந்தக் காலத்துத் தொழில்முறைச் சண்டைக்குக் கயிறுதான். பழைய கையுறையை அமுக்கினால் குதிரைமயிர் அடைப்பு ஆங்காங்கே கட்டியாக உருண்டிருப்பது கைக்குத் தெரியும், கயிற்றுத் துளைகளைச் சுற்றித் தோல் நீண்டிருக்கும், உள்துணி வியர்வையில் பழுத்திருக்கும். பெயர் தெரியாத உள்ளூர் வீரர் ஒருவரின் கையுறை, அவர் பிள்ளைகள் கையால் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பெரிய பெயர் இல்லாத பொருளைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

2021இல் பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வந்த பிறகு வடசென்னைக் குத்துச்சண்டைப் பொருள்களுக்கும் திடீரென்று ஆள் சேர்ந்திருக்கிறது. பரம்பரை எனப்படும் குத்துச்சண்டைக் குழுக்களின் படங்களும் நோட்டீசுகளும் அங்கிருந்து இங்கே விற்பனைக்கு வருகின்றன. நான் இங்கே சொன்ன எழுத்துச் சோதனையே அதற்கும் பொருந்தும், தமிழ்நாட்டுப் பொருளுக்கு 1978 என்ற எல்லை இன்னும் கூர்மையாகவே பொருந்தும். 1980இல் அலி சென்னைக்கு வந்து எம்ஜிஆர் முன்னிலையில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அந்த நிகழ்ச்சியின் தமிழ்க் காகிதம் ஏதாவது கண்ணில் பட்டால் கோலாலம்பூர்ச் சண்டைக்குப் பக்கத்திலேயே வைக்கத் தகுந்தது.

ஈரமும் பூச்சியும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் அதிகம். நாளிதழ்த் தாள் மட்ட ரகக் கூழில் செய்தது, தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து உதிரும். அதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம்.

முதல் விதி, லேமினேட் செய்யாதீர்கள். பள்ளிச் சான்றிதழ் முதல் சாமி படம் வரை எல்லாவற்றையும் கடையில் கொடுத்துச் சூட்டில் ஒட்டி எடுத்து வைப்பது நம் வீட்டுப் பழக்கம். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது, பொருளின் விலை அந்த நிமிடமே போய்விடும். செல்லோடேப்பும் அப்படித்தான், பத்தாண்டில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிந்தது கிழிந்தபடியே இருக்கட்டும். மலிவான பிவிசி உறையும் வேண்டாம், அது வியர்த்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையும், அமிலம் இல்லாத அட்டையும் ஓவியப் பொருள் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

கேமரா வைக்கும் டிரை காபினெட் ஒன்று வாங்க முடிந்தால் அதைவிட நல்ல முதலீடு இல்லை, ஈரப்பதத்தை ஐம்பது விழுக்காட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். முடியாதவர்கள் இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அதன் நிறம் மாறும்போதெல்லாம் மாற்றுங்கள். அந்துருண்டையைக் காகிதத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் புத்தகப் பூச்சி பசையைத் தின்னும், சுவரொட்டியின் பின்பக்கம் பழைய பசை இருந்தால் முதலில் அங்கேதான் வரும். கையுறைக்குள் அமிலம் இல்லாத மெல்லிய தாளைச் சுருட்டி வைத்து வடிவம் குலையாமல் பாருங்கள், ஷூ பாலிஷ் கிட்டேயே வரக்கூடாது. பூசணம் பிடித்தால் காய்ந்த மென்தூரிகையால் வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு தட்டிவிடுங்கள்.

விலை பற்றிக் கடைசியாக. இந்த நாட்டில் குத்துச்சண்டைப் பொருளுக்கு நிலையான சந்தை விலை கிடையாது. விற்பவர் சொல்லும் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள், கண்ணால் பார்த்துச் சரிபார்த்த காகிதத்துக்கு மட்டும் கொடுங்கள். கதை சொன்ன குடும்பம் பொருளை விற்க விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பெரியவர் சொன்னதை எழுதி ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. சந்தைக்குப் போவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியப்பாவையோ, பக்கத்துத் தாமானில் இருக்கும் பழைய துறைமுகத் தொழிலாளியையோ போய்ப் பாருங்கள். எழுதியதில் ஒரு பிரதியைத் தேசிய நூலகத்துக்கோ உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கோ கொடுங்கள்.